கிளிஃபர்ட் ஓஸ்வால்ட் டாட் இன்

டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, யாரும் விலைக்கு வாங்க முடியாது. என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர், "சார், ஒரு டொமைன் வாங்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருத்துவேன். அதை வாங்குவதில்லை, பதிவு செய்கிறோம். காலக்கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பெயர் கைவிட்டுப் போகும், வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். அல்சூரில் ஒரு தையல்கடைக்காரர், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். இன்றைக்கு அவர் கடைப் பெயரைத் தட்டினால் சீன மொழியில் சூதாட்டம் வருகிறது. என் பொறுப்பில் இருந்த பெயர்களில் ஒன்றுகூட இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி எழுதும்போது 'அலட்சியம்' என்ற சொல் எங்கும் வந்துவிடக் கூடாது, அதற்காகத்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் இராஜமாணிக்கம் அவர்களே, நீங்கள் கோலார் தங்கவயல்காரர் என்பதால், "தமிழ்லயே எழுதுங்க சார், கன்னடத்துல நான் மாத்திக்கிறேன்" என்று பேப்பரைக் கொடுத்தீர்கள். நன்றி. கன்னடத்திலும் எழுதியிருப்பேன். ஆனால் இதில் வருகிறவர்கள் எல்லாரும் தமிழில் பேசியவர்கள்.

என் பெயர் பத்ரிநாத். வயது ஐம்பத்தெட்டு. தாத்தா மைசூர் சர்க்காரில் குமாஸ்தா, அப்பா பொதுப்பணித்துறை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் கீழே ஒரு அறையில் ஆபீஸ், மாடியில் வீடு. கடைகள், பள்ளிக்கூடங்கள், இரண்டு சர்ச்சுகள், ஒரு கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்கு வெப்சைட் பதிவு செய்து, மெயில் அமைத்து, பராமரித்து வருகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனிக் காரணம் எதுவும் இல்லை. தள்ளிப் போயிற்று.

பெர்னதெத் மிஸ் என் ஆபீசுக்கு முதலில் வந்தது 2017 மார்ச்சில். ஜீவனஹள்ளியில் வீடு. பிரைமரி ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் ஓஸ்வால்ட் அந்த ஜனவரியில்தான் இறந்திருந்தார். ஒரே மகன் கிளிஃபர்ட். அவனைப் பாதிரியாராக்க வேண்டும் என்று ஓஸ்வால்ட் செமினரியில் சேர்த்திருக்கிறார். இரண்டாம் வருடம் அவன் முடியாது என்று திரும்பி வந்துவிட்டான். தெருவே பார்க்க, "இந்த வாசப்படிய மிதிச்சேன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்று அப்பா சொல்ல, ஒரு பையோடு போனவன்தான். அது 2013. நான்கு வருடமாக ஒரு போன் இல்லை. கணவர் இருந்தவரை தேடுவதற்கு மிஸ்ஸுக்கு அனுமதி இல்லை.

"எல்லாரும் என்னிக்காவது ஒரு நாள் தன் பேரைத் தானே தட்டிப் பாப்பாங்க, இல்லையா சார்?" என்று கேட்டார். "அப்படி அவன் பாக்கறப்ப நான் அங்க இருக்கணும்."

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் ஒருவர் சொன்ன காரணங்களில் மிகச் சரியான காரணம் அது. அன்றைக்கே மகன் பெயரில் cliffordoswald.in என்று பதிவு செய்தேன். படிவத்தில் உரிமையாளரின் மெயில் முகவரி கேட்கும். மிஸ்ஸிடம் மெயில் இல்லை. அதனால் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரையே போட்டேன். நீங்கள் இதை ஏமாற்று என்கிறீர்கள். பாதிக் கடைகளுக்கு நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

ஒரே பக்கம். மேலே கிளிஃபர்டின் பழைய போட்டோ. கீழே, 'மம்மி காத்திருக்கிறேன். எழுது.' அதன் கீழே mummy@ என்று ஆரம்பிக்கிற ஒரு மெயில் முகவரி. கண்டவர்களும் கூப்பிடுவார்கள் என்று போன் நம்பர் வேண்டாம் என்றேன். அப்பா இறந்த செய்தியைப் போடலாமா என்று நான்தான் கேட்டேன். மிஸ் யோசித்துவிட்டு, "வேணாம் சார். அதை நான் நேர்லதான் சொல்லணும்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பதினொரு மணிக்கு மெயில் பார்க்க வருவார். போனில் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். போனில் எழுத்து பொடிசாகத் தெரிகிறது, கண் சரியில்லை என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கதவு திறந்தே இருக்கும். யாரும் வேறு விதமாக நினைக்க வேண்டியதில்லை.

"ஏதாவது இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

"பரவால்ல. அடுத்த வாரம் பாக்கலாம்."

அதோடு எழுந்து போய்விட மாட்டார். என் சொந்த வெப்சைட்டிலேயே ஒற்றுப்பிழை இரண்டு கண்டுபிடித்தார். அதிலிருந்து வாடிக்கையாளர்களின் தமிழ் அறிவிப்புகளை அச்செடுத்து வைப்பேன், அவர் சிவப்புப் பேனாவால் திருத்துவார். திருத்திக்கொண்டே கிளிஃபர்டைப் பற்றிச் சொல்வார். சைக்கிளில் விழுந்தது, கொயரில் பாடாமல் வாயை மட்டும் அசைத்தது, ராகி மால்ட்டில் ஏலக்காய் போட்டால் தொட மாட்டான் என்பது. ஒரு மணி நேரம் போவது தெரியாது. நான் பொதுவாக யாரோடும் பேசுகிறவன் அல்ல.

2018இல் ஒரு மெயில் வந்தது. உங்கள் மகன் உடல் வர்த்தூர் ஏரியில் கிடைத்தது என்று யாரோ விளையாட்டுக்கு எழுதியிருந்தான். அதை நானும் மிஸ்ஸும் ஒரே நேரத்தில்தான் திறந்தோம். சாயங்காலம்வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போலீசில் விசாரித்துப் பொய் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். எல்லா மெயிலும் முதலில் எனக்கு வரும். நான் பார்த்து, தகுந்ததை மட்டும் மிஸ்ஸுக்குக் காட்டுவேன். மிஸ்ஸிடம் சொல்லித்தான் செய்தேன். "உங்களுக்குத்தான் சார் சிரமம்" என்றார்.

கிளிஃபர்டின் மெயில் 2021 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான். 'மம்மி, நான்தான். டாடி இன்னும் வீட்ல இருக்காரா? அவர் இருந்தா நான் வரமாட்டேன். நீங்க நல்லா இருக்கீங்களா?'

ஏரி விஷயத்துக்குப் பிறகு நான் எதையும் உடனே நம்புவதில்லை. ஆகவே மம்மி என்று கையெழுத்திட்டு, 'நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எதைக் குடிக்க மாட்டே?' என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'ஏலக்காய் போட்ட ராகி மால்ட்.' பீன்யாவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டராக இருக்கிறானாம். புனே, ஓசூர் எல்லாம் சுற்றி ஒரு வருடமாக பெங்களூரில்தான். மிஸ் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும்.

மிஸ்ஸுக்குப் போன் செய்திருக்கலாம் என்கிறீர்கள். இப்படிப்பட்ட செய்தியை நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். நாலு நாளில் சனிக்கிழமை. வந்தார், குடையை மடித்து மூலையில் வைத்தார், "ஏதாவது இருக்கா சார்?" என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒண்ணும் இல்ல மிஸ்" என்று வந்தது. நாலரை வருடம் சொன்ன வாக்கியம், தானாக வந்துவிட்டது. திருத்திச் சொல்வதற்குள் அவர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். கல்யாண மண்டபத்து அறிவிப்பில் 'முன்பதிவு' என்பதை நான் தவறாக அடித்திருந்தேன். அதைப் பற்றிப் பேசினோம். அந்த ஒரு மணி நேரம் வழக்கம்போல நன்றாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் கிளிஃபர்டுக்குப் பதில் எழுதினேன். அவன் முக்கியமாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் எழுதியதும் ஒரே ஒரு சொல்.

'இருக்கார்.'

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இப்போது ஒரு சிக்கல் வந்துவிட்டது. டாடி இருக்கார் என்று ஏன் எழுதினீர்கள் என்று மிஸ் கேட்டால் என்ன சொல்வது? அதற்கு ஒரு பதில் தயாராகட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவன் மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. பதில் போடாவிட்டால் பயப்படுவான். போட்டேன். மிஸ் எப்படிப் பேசுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதையாவது கேட்டுவிட்டு 'இல்லையா?' என்று முடிப்பார். விடைபெறும்போது 'மாதா உன்னோட இருப்பாங்க' என்பார். நான் பெருமாள் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அதை ஒரு தடவைகூட விட்டதில்லை.

போன் நம்பர் கேட்டான். டாடி என் போனை எடுத்துப் பார்க்கிறார் என்று எழுதினேன். வீட்டுப் பக்கம் வரட்டுமா என்றான். டாடி நாள் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீலர் ரோடு பஸ் ஸ்டாப் வரை வந்து, அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாக எழுதியிருந்தான். 'பயமா இருந்துச்சு மம்மி. எனக்கு முப்பது வயசு ஆகுது, இன்னும் பயமா இருக்கு.' அவனைச் சமாதானப்படுத்தி ஒரு பெரிய மெயில் எழுதினேன். அது உங்களிடம் இருக்கிறது. படித்துப் பாருங்கள். ஒரு கடுஞ்சொல் இருக்காது.

கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்த அம்ருதாவைக் கல்யாணம் செய்துகொண்டான். மம்மி சம்மதம் கேட்டான், கொடுத்தேன். 2023 பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. 'மம்மி, பேரு நீங்கதான் சொல்லணும்' என்று எழுதினான்.

இங்கே நான் நடந்துகொண்ட முறையைக் கவனிக்க வேண்டும். பெயரை நானே எழுதிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சனிக்கிழமை வரை பொறுத்திருந்து, பேச்சோடு பேச்சாக மிஸ்ஸிடம் கேட்டேன்.

"பொண்ணு பொறந்திருந்தா என்ன பேரு வெச்சிருப்பீங்க மிஸ்?"

பேனாவை மூடிவிட்டு யோசித்தார். "ரெஜினா. கிளிஃபர்ட் வயித்துல இருக்கப்ப பொண்ணுன்னே நினைச்சிட்டிருந்தேன். ஏன் சார்?"

"சும்மாதான்."

குழந்தைக்கு ரெஜினா என்றே வைத்தார்கள். பாட்டி வைத்த பெயர்தான் அது. அந்த உரிமையை நான் அவருக்குச் சரியாகச் சேர்த்துவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் மிஸ் சனிக்கிழமை வரவில்லை. பக்கத்து வீட்டு குளோரியா போன் செய்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். ஆறு நாள் இருந்தார். நான் தினமும் போனேன். மூன்றாம் நாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏதாவது இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று காலையில்தான் கிளிஃபர்ட் குழந்தையின் போட்டோ அனுப்பியிருந்தான். போனை எடுத்துக் காட்டினேன்.

"என் கஸ்டமர் ஒருத்தரோட பொண்ணு மிஸ். எட்டு மாசம்."

போனை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஸ்கிரீன் அணைந்தது, தட்டி எரிய வைத்தேன், திரும்பவும் பார்த்தார்.

"காது பாருங்க சார்" என்றார். "எங்க கிளிஃபர்டுக்கும் இப்படித்தான், மேல கொஞ்சம் மடிஞ்சிருக்கும்." பிறகு, "பேரு என்ன?" என்றார்.

அந்த நிலைமையில் அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அனன்யா என்றேன்.

"நல்ல பேரு. மாதா அவளோட இருப்பாங்க" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் கழித்து, நவம்பர் இரண்டாம் தேதி விடியற்காலையில் இறந்தார்.

அடக்கத்துக்குப் போனேன். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கல்லறையில் பாதர் ஜெபம் முடித்ததும், முதலில் மண் போட மகன் இல்லையே என்று பேசிக்கொண்டார்கள். குளோரியா என் முழங்கையைப் பிடித்து, "நீங்க போடுங்க சார். அந்தப் பையனுக்காக இத்தனை வருஷம் கூட இருந்தது நீங்கதானே" என்றாள். போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு மெயில் பார்த்தேன். 'மம்மி, ரெஜினாவுக்கு ரெண்டு பல் வந்திருக்கு' என்று எழுதியிருந்தான். 'ரொம்ப சந்தோஷம்டா. கடிக்கிறாளா, இல்லையா?' என்று பதில் எழுதினேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எழுதினேன். நாற்பத்தொரு மெயில் என்று உங்கள் ஆள் எண்ணியிருக்கிறார். சரியாகத்தான் இருக்கும். அம்மா இறந்த செய்தியை மெயிலில் தெரிவிப்பது எந்த வகையிலும் நாகரிகம் இல்லை. நேரில் சொல்ல எனக்கும் அவனுக்கும் அறிமுகம் இல்லை. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றும் யோசித்துப் பார்க்கிறேன்.

சந்தேகம் அம்ருதாவுக்குத்தான் வந்திருக்கிறது. பேத்தியைத் தூக்கிப் பார்க்க ஒரு தடவைகூடக் கேட்காத பாட்டி உண்டா என்று அவனைக் கேட்டிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் சொல்லாமல் குழந்தையோடு ஜீவனஹள்ளிக்குப் போய், ஓஸ்வால்ட் வீடு எது என்று விசாரித்திருக்கிறாள். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். குளோரியாதான் குழந்தையைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஓஸ்வால்ட் போய் ஏழு வருடம், மிஸ் போய் எட்டு மாதம், சனிக்கிழமைதோறும் ஜோகுபாளையத்தில் வெப்சைட் சார் ஒருத்தரிடம் போய்வருவார் என்று.

மறுநாள் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மூன்று பேரும் வந்தார்கள். குழந்தை அம்ருதாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கிளிஃபர்டை எனக்கு உடனே தெரிந்தது. போட்டோவில் இருப்பதைவிடக் கொஞ்சம் பருமன். உட்காரச் சொன்னேன். அந்த நாற்காலியில்தான் மம்மி உட்காருவார் என்றும் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் எழுந்து நின்றுகொண்டான்.

"அந்த மம்மி மெயில் ஐடி. அதை யாரு சார் பாக்கறது?"

"நான்தான்."

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்து."

அம்ருதா கேட்டாள், "ரெஜினான்னு பேரு வெக்கச் சொன்னது?"

"அது மிஸ் சொன்னதும்மா. அதுல நான் எதையும் சேர்க்கல."

"டாடி எப்ப போனாரு?" என்றான் கிளிஃபர்ட்.

"2017 ஜனவரி."

"நான் மொத மெயில் எழுதறதுக்கு முன்னாடியே."

"ஆமாம்ப்பா. நாலரை வருஷம் முன்னாடி."

மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் புகார் கொடுத்திருக்க மாட்டேன். குரலை உயர்த்தாமல், "மம்மி என்னைப் பத்திக் கேட்டாங்களா?" என்றான்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அதன்பிறகு அவன் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். உங்களுக்குப் போன் செய்தது அம்ருதா. நீங்கள் வரும்வரை நான் கதவைச் சாத்தவோ எதையும் அழிக்கவோ இல்லை. எல்லா மெயிலும் தேதி வாரியாக இருக்கின்றன.

ஆகவே கேட்டபடி எழுதிக் கொடுக்கிறேன். ஓஸ்வால்ட் இறந்ததை அவருடைய மகனிடமிருந்து மறைத்தது நான். மகன் உயிரோடு இருப்பதையும், அவனுக்குக் கல்யாணம் ஆனதையும், குழந்தை பிறந்ததையும் பெர்னதெத் மிஸ்ஸிடமிருந்து மறைத்தது நான். மிஸ் இறந்ததை மறைத்தது நான். இவற்றை யாரும் சொல்லிச் செய்யவில்லை, இதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும்தான். அது லாபம் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆள்மாறாட்டம் என்ற பிரிவைப் பற்றி மட்டும் எனக்கு ஆட்சேபம் உண்டு. முதலில் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வருடம் அவனுக்குக் காய்ச்சல் என்றால் என்ன சாப்பிட வேண்டும் என்று சொன்னதும், பயந்தபோது தைரியம் சொன்னதும், குழந்தைக்குப் பேதி ஆனபோது பதில் வரும்வரை விழித்திருந்ததும் நான். வேறு யார் பெயரில் செய்திருந்தாலும், செய்தது யார்?

ஒரு வேண்டுகோள். அந்த மெயிலின் பாஸ்வேர்டை நீங்கள் மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அதை எனக்குத் தெரிவிக்க வேண்டும். ஒன்பது நாளாக கிளிஃபர்டிடமிருந்து எதுவும் வரவில்லை என்று உங்கள் ஆள் சொன்னார். கோபம் இருக்கும், நியாயம்தான். ஆனால் எனக்கு அவனைத் தெரியும். கோபம் தணிந்ததும் எழுதுவான். மம்மிக்கு எழுதாமல் அவனால் இருக்க முடியாது.